கால்பந்து ரசிகர் மன்றம் தொடங்குகிறீர்களா? எங்கள் தவறுகளை முதலில் கேளுங்கள்

2022 டிசம்பர் 18, ஞாயிறு இரவு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி உலகக் கோப்பை இறுதி ஆட்டம் பார்த்தோம். முக்கால்வாசிப் பேர் அர்ஜென்டினா பக்கம். மீதிப் பேர் பிரான்ஸ். பாண்டிச்சேரி கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்கள் ஊரில் பிரான்ஸை ஆதரிப்பதற்கு அந்த அணியின் நட்சத்திரம் எம்பாப்பே மட்டும் காரணம் இல்லை. பாரிஸில் சித்தப்பாவோ பெரியம்மா மகனோ இருக்கிற வீடுகள் இங்கே உண்டு. ஆட்டம் 3-3 என்று முடிந்து பெனால்டியில் அர்ஜென்டினா 4-2 என்று வென்றபோது எழுந்த சத்தத்தில், என்னவோ ஏதோவென்று மண்டபத்துக் காவலாளி ஓடிவந்தார். நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் இருந்தோம். அந்தச் சூட்டோடு மன்றம் ஒன்றைத் தொடங்கினோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 11 பேர். சரியாக ஒரு அணி. மாற்று ஆட்டக்காரர்கூட இல்லை. ஓராண்டுக்குள் மன்றத்துக்குப் பூட்டுப் போட்டாயிற்று. இப்போது வேறு பெயரில், வேறு முறையில் மறுபடி நடத்துகிறோம். இம்முறை ஓடுகிறது. முதல் மன்றம் எங்கே சறுக்கியது என்று பல நாள் பேசிப் பார்த்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான்: பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அணியைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அடுத்த தெருவைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

பேனரில் தொடங்கியது

மன்றத்தின் முதல் செலவு இருபது அடி பிளெக்ஸ். ரசிகர் மன்றம் என்றதும் நம் கை தானாகவே பேனர் கடையை நோக்கிப் போகிறது. சினிமா மன்றங்கள் பழக்கிய பழக்கம். அந்த மன்றங்களை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், ரத்த தானம், கண் தானம் என்று அவர்கள் செய்தவை எத்தனையோ. நாங்கள் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு கட்அவுட்டை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

கோழிக்கோடு அருகே புள்ளாவூரில் 2022-ல் ஆற்றில் நிறுத்திய 30 அடி மெஸ்ஸி கட்அவுட்டும் 40 அடி நெய்மர் கட்அவுட்டும் உலகம் முழுக்கப் பேசப்பட்டதை மறுக்க முடியாது. ஆற்றின் ஓட்டம் தடைபடும் என்று அதே ஊரில் புகார் எழுந்ததையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் நமக்கு அதைவிடக் கசப்பான நினைவு இருக்கிறது. 2019-ல் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவில் கட்டியிருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் சிக்கி உயிரிழந்தார். அதற்குப் பிறகும் கடற்கரைக் காற்று அடிக்கும் ஊரில் நாங்கள் பிளெக்ஸ் கட்டினோம் என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். இரண்டாம் நாள் காற்றில் அது கிழிந்து பக்கத்துக் கடையின் கூரையில் போய் விழுந்தது. அந்தக் காசுக்கு நல்ல பந்துகள் நான்கைந்து வாங்கியிருக்கலாம்.

சொந்த மைதானத்துக்குப் போகாதது

இதுதான் பெரிய தவறு. மற்றவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை அந்நாட்டுத் தொலைக்காட்சியில் எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையாகக் காட்டமாட்டார்கள். பெரிய அணிகளின் ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, உள்ளூர்ச் சிறு அணிகளின் மைதானத்தை மக்கள் காலியாக விட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பல பத்தாண்டுகளாக வைத்திருக்கும் கட்டுப்பாடு. அங்கே 3 மணிக்குத் தொடங்கும் அதே ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு இரவு 8.30-க்கு நேரலையில் வருகிறது. மான்செஸ்டர்க்காரர் பார்க்க முடியாததை மஞ்சக்குப்பத்தில் பார்க்கிறோம். அந்தக் கட்டுப்பாடு எதற்காக என்று மட்டும் நாம் கேட்டதில்லை.

கடலூருக்கு மைதானமும் உண்டு, பெயரும் உண்டு. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் இந்த ஊர்ப் பெண். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், பலமுறை வாகை சூடிய மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என்று வீழ்த்தி முதல்முறையாகப் பட்டம் வென்றபோது அவர் கோல் அடித்தார். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமியின் பெண்கள் அணி இந்திய மகளிர் லீகிலேயே ஆடியிருக்கிறது. 2004 சுனாமியில் அடிபட்ட குடும்பங்களின் பெண்பிள்ளைகள் பலர் இந்த ஊரில் பந்தைத் தொட்டு வளர்ந்தார்கள். மெஸ்ஸியின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிய எங்கள் மன்றத்தில், இவர்களில் ஒருவருடைய ஆட்டத்தையாவது நேரில் பார்த்தவர்கள் இரண்டே பேர். அதில் நான் இல்லை.

இரண்டாவது மன்றத்தில் முதல் விதி இதுதான்: மாதம் ஒரு உள்ளூர் ஆட்டத்துக்காவது கூட்டமாகப் போக வேண்டும். அண்ணா விளையாட்டரங்கமோ, கல்லூரி மைதானமோ, சில்வர் பீச் மணலில் பையன்கள் வைக்கும் ஐவர் போட்டியோ, எதுவாயினும் சரி. போன முதல் நாளே இன்னொரு பாடமும் கிடைத்தது. பெண்கள் ஆட்டத்துக்கு நாங்கள் பூட்ஸ் நிதி திரட்டித் தரலாம் என்று பெருமையோடு போய்ச் சொன்னோம். அணித் தலைவியாக இருந்த பெண், “பூட்ஸ் இருக்கிறது அண்ணா. உடை மாற்ற இடம்தான் இல்லை. ஆட்டம் முடிந்தால் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விடுகிறது” என்றார். நாங்கள் நான்கு மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டுபோய் மறைப்புக் கட்டினோம்; திரும்பிப் போக ஒரு வேன் பேசினோம். செலவு பூட்ஸைவிடக் குறைவு. கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும் என்பது எங்களுக்கு உறைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

மைதானத்துக்குப் போய்ச் செய்யக் கூடாதவையும் இருக்கின்றன. நடுவரைத் திட்டுவது, அவர் பெரும்பாலும் யாரோ ஒரு உடற்கல்வி ஆசிரியர், பஸ் கட்டணத்துக்கு மேல் பெரிதாக எதுவும் வாங்காதவர். பெண்பிள்ளைகள் ஆடுவதை அவர்களையோ பயிற்சியாளரையோ கேட்காமல் படம்பிடித்துப் போடுவது. எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு பயிற்சியாளர் வேலை பார்ப்பது. கடைசியாகச் சொன்னது என் சொந்த வியாதி.

நள்ளிரவுத் திரை

கூட்டாக ஆட்டம் பார்ப்பதுதான் எந்த மன்றத்துக்கும் உயிர். அதையே எங்கள் முதல் மன்றம் தெருவுக்குத் தொல்லையாக மாற்றியது. ஐரோப்பிய அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் நமக்கு நள்ளிரவு 12.30-க்கோ 1.30-க்கோ தொடங்கும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். நாங்கள் “சத்தம் குறைவாகத்தான் வைத்தோம்” என்று சொல்லிக்கொண்டோம். ஆனால் கோல் விழுந்தால் நூறு தொண்டைகளை எந்த விசையைத் திருகிக் குறைப்பது? பிளஸ் டூ தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தில் ஒரு தாய் நேரில் வந்து கேட்டார். அவர் முகத்தைப் பார்த்து யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொரு விளைவு எங்கள் கண்ணில் படவே இல்லை. முதல் மன்றத்தின் ஓராண்டில் ஒரு பெண்கூடத் திரை முன்னால் உட்காரவில்லை. “அவர்களுக்கு ஆர்வம் இல்லை” என்று ஒரு வரியில் முடித்துவிட்டோம். இரண்டாவது மன்றத்தில் நேரத்தை மாற்றினோம். லண்டனில் பகல் 12.30-க்கு நடக்கும் சனிக்கிழமை ஆட்டம் இங்கே குளிர்காலத்தில் மாலை 6 மணி, கோடையில் 5 மணி. சுத்தமான கழிப்பறை உள்ள இடம், எட்டரைக்குள் எல்லோரும் வீடு. முதல் வாரமே அக்காக்கள், தங்கைகள், இடுப்பில் குழந்தையோடு ஒரு மாமி என்று வந்துவிட்டார்கள். ஆர்வம் முன்பே இருந்தது. வாசலைத்தான் நாங்கள் நள்ளிரவில் திறந்து வைத்திருந்தோம்.

பாண்டிச்சேரி பாரில் பார்த்தால் என்ன என்று கேட்பவர்கள் எப்போதும் நான்கு பேர் உண்டு. தனிப்பட்ட முறையில் அவரவர் விருப்பம். மன்றத்தின் நிகழ்ச்சியாக அதை வைத்தால் மாணவர்களும் பெண்களும் அன்றே கழன்றுகொள்வார்கள். நடுநிசியில் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருசக்கர வண்டியில் திரும்புகிறவர்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் இருக்கிறது. அதோடு, வீட்டு இணைப்பில் வரும் ஒளிபரப்பைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஊருக்குக் காட்ட அனுமதி கிடையாது. டீச்செலவுக்கு உண்டியல் வைப்பது என்று சொல்லி டிக்கெட் போடாதீர்கள்.

காசு ஒருவர் கையில்

எங்கள் மன்றத்தை உண்மையில் உடைத்தது 42 ஜெர்சிகள். பணம் எல்லாம் ஒரு நண்பரின் சொந்தக் கூகுள் பே எண்ணுக்குப் போனது. அச்சகத்தில் அளவு மாறியது, திருப்பி அனுப்பினோம், பாதிப் பணம் வந்தது, மீதி எங்கே என்று கேள்வி எழுந்தது. அவர் ஒரு பைசாவும் எடுக்கவில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் எடுக்கவில்லை என்று காட்ட அவரிடம் ஒரு தாள்கூட இல்லை. நல்ல மனிதரைக் கணக்கில்லாமல் விடுவது அவருக்கே செய்யும் துரோகம்.

ஏழு பேர் இருந்தால் சங்கமாகப் பதிவு செய்யலாம். பிறகு சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. கடலூர் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் வரும், பாண்டிச்சேரி யூனியன் பிரதேசம். இரண்டு பக்கமும் உறுப்பினர் இருந்தால் முகவரி எந்தப் பக்கம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கணக்கு நோட்டின் பக்கத்தை மாதா மாதம் படமெடுத்துக் குழுவில் போடுவது போதும். கூட்டத்தில் யார் வெல்வார் என்று பணம் கட்டும் பழக்கம் தலைகாட்டினால் அன்றே நிறுத்துங்கள். நூறு ரூபாயில் தொடங்கியது இரண்டு வீட்டுக்காரர்கள் பேசாமல் போவதில் முடிந்ததைப் பார்த்தவன் நான். தேர்தல் நேரத்தில் “ஜெர்சிச் செலவு நான் ஏற்கிறேன்” என்று வரும் பெரியவர்களுக்கும் இதே பதில்தான்.

ஒரே தெருவின் மன்றம்

எங்கள் எல்லாக் கூட்டமும் மஞ்சக்குப்பத்தில்தான் நடந்தது. தேவனாம்பட்டினத்துக் குப்பத்துப் பையன்களும் முதுநகர்க்காரர்களும் இரண்டு முறை வந்துவிட்டு நின்றுவிட்டார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை; ஆனால் நாற்காலியில் யார் உட்காருகிறார்கள், யார் சுவரோரம் நிற்கிறார்கள் என்பதை எங்கள் ஊரில் யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. ஊர், குப்பம், காலனி என்று பிரிந்து கிடக்கும் மாவட்டத்தில், ஒரே நிறச் சட்டை போட்டு ஒரே பெஞ்சில் உட்கார வைக்கும் காரணங்கள் அதிகம் இல்லை. கால்பந்து அப்படி ஒரு காரணம். அதை நாங்களே வீணாக்கினோம். இப்போது கூட்டம் மாதம் ஓரிடத்தில். வீட்டுக்காரர்தான் அன்று தலைவர், டீயும் அவர் பொறுப்பு.

எதிரணி ரசிகரைப் பகையாளியாக நினைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். லிவர்பூல் நகரில் ஜென்மப் பகையாளிகளான லிவர்பூல், எவர்ட்டன் ரசிகர்கள் 2015-ல் ஒன்றாகச் சேர்ந்து, ஆட்ட நாட்களில் மைதான வாசலில் ஏழைக் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் சேகரிக்கத் தொடங்கினார்கள். நாம் அந்த ஊர்ச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். அந்த ஊர்க்காரர்கள் வாசலில் கூடையோடு நிற்பது நமக்குத் தெரிவதில்லை.

விழித்த கண்ணோடு ரத்த தானம்

இது எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். விடிய விடிய ஆட்டம், காலை ஒன்பதுக்கு முகாம். வந்த மருத்துவர் கொட்டாவி விட்ட முகங்களைப் பார்த்துப் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினார். நன்றாகத் தூங்கி, சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எடை குறைந்தது 45 கிலோ. முந்தைய தானத்துக்குப் பிறகு ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். கையில் அணியின் சின்னத்தைப் புதிதாகப் பச்சை குத்திக்கொண்ட வீரர்களுக்கு ஓராண்டு ஓய்வு. கொல்கத்தாவில் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈஸ்ட் பெங்கால் – மோகன் பகான் ஆட்டத்தில் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். அந்த நாளில் அங்கே ஆண்டுதோறும் ரத்த தானம் நடக்கிறது. முகாமுக்கு நாள் தேடுகிறவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

பட்டியலை அலட்சியம் செய்தது

ஆட்டம் பார்க்கச் சென்னை நேரு விளையாட்டரங்கத்துக்கு வேன் எடுத்தபோது, யார் எங்கே ஏறுவார், கைபேசி எண் என்ன, வீட்டாரின் எண் என்ன என்று ஒரு நோட்டில் எழுதினோம். வந்ததும் அதைத் தூக்கிப் போட இருந்தார்கள். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் பாண்டிச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இரண்டு நாளில் சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி உப்பலவாடி, நாணமேடு பக்கம் புகுந்தது. யார் வீட்டில் மாடி இருக்கிறது, யாரிடம் ஃபைபர் படகு, யார் சரக்கு வண்டி ஓட்டுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய எண்களெல்லாம் அந்த நோட்டில்தான் இருந்தன. இப்போது ஒவ்வொரு செப்டம்பரிலும், மழைக்கு முன், அதைப் புதுப்பிக்கிறோம்.

பாய் கொடுக்கப் போன இடத்தில் படம் எடுக்க வேண்டாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஜெர்சியோடு போனது மட்டும் தவறாயிற்று. ஒரு பாட்டி சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இது எந்தக் கட்சி தம்பி?” என்றார். கட்சி இல்லை பாட்டி, பந்து விளையாட்டு என்றேன். அவர் நம்பவில்லை. “எதுவோ ஒன்று. பேத்திக்கும் ஒரு பாய் கொடு” என்று வாங்கிக்கொண்டார்.