இருபதைத் தாண்டினால் வட்டம் மாறும்: வட்டமிட்ட எழுத்துக் குறிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்புவெளியில் தெரிந்த ஒருவரின் விருந்தினர் விடுதிக்கு, திருமலையில் (திருகோணமலை) பார்க்க வேண்டிய இடங்களின் வரைபடத்தை இணையப் பக்கமாகச் செய்துகொடுத்தேன். ① கோணேஸ்வரம், ② பிரெட்ரிக் கோட்டை, ③ கன்னியா வெந்நீர்க் கிணறுகள், ④ புறாத்தீவு என்று தொடங்கி, பஸ் நிலையம், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் சேர்ந்து 24 இடங்கள். ஒவ்வொன்றாக ஒட்டச் சோம்பல். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் யுனிகோட் என்ற தரப்படி ஓர் எண் உண்டு. ①க்கு அந்த எண் 9312 என்பதால், அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும்படி நிரல் எழுதிவிட்டேன். 20 வரை வடிவாக வந்தது. 21 வர வேண்டிய இடத்தில் ⑴ நின்றது.

"தம்பி, இதென்ன, திரும்ப ஒண்டில இருந்து தொடங்குது?" என்றார் விடுதிக்காரர்.

⑳ 9331இல் முடிகிறது. அடுத்த 9332 அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒன்று. வட்டமிட்ட 21 எங்கோ தள்ளி, 12881இல் இருக்கிறது. அது 35 வரை போய் 12895இல் நிற்கும். 36 முதல் 50 வரை 12977இலிருந்து இன்னொரு வரிசை. 50க்கு மேல் தனிக்குறியே கிடையாது. சரியான எண்ணைப் போட்டாலும் ⑳ ஒரு எழுத்துருவிலும் 21 வேறொன்றிலும் வந்து, பக்கத்துப் பக்கத்தில் சிறிதும் பெரிதுமாக நிற்கலாம். கடைசியில் சாதாரண இலக்கத்தை எழுதி, வட்டத்தை, இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸால் வரைந்தேன். முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும்.

அப்புறம் நிலாவெளிப் பாதைக்கு வட்டத்துக்குள் 'நி' வேண்டும் என்றார். யுனிகோடில் வட்டமிட்ட தமிழ் எழுத்து இல்லை. முன்னால் வரும் எழுத்தைச் சுற்றிக்கொள்ளும் வட்டம் ஒன்று 8413இல் உண்டு. ஆனால் 'நி' கணினிக்கு ந, இகரக் குறி என்று இரண்டு. வட்டம் எதைச் சுற்றும் என்று சொல்ல முடியாது. இதற்கும் சிஎஸ்எஸ்தான். அகலமும் உயரமும் ஒரே அளவாகக் கொடுங்கள். உள் இடைவெளியை மட்டும் நம்பினால் 'கௌ' போன்ற அகன்ற எழுத்துக்கு வட்டம் முட்டையாகிவிடும்.

அடிக்குறிப்பில் பதிப்புரிமைக் குறிக்குப் பதிலாக வட்டமிட்ட ஆங்கில 'சி'யை ஒட்டுகிறவர்கள் நிறையப் பேர். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான். ஆனால் பதிப்புரிமைக் குறியின் யுனிகோட் எண் 169, மற்றதன் எண் 9400. பதிவுபெற்ற வணிகக் குறியிலும் இதே குழப்பம்: வேண்டியது 174, ஒட்டுவது 9415.

வட்டமிட்ட 'எம்' (9410) இன்னொரு வில்லங்கம். சில போன்களில் அது நிறப் பெட்டியாக, இமோஜியாக மாறிவிடும். பின்னால், எழுத்தாகவே காட்டச் சொல்லும் கண்ணுக்குத் தெரியாத குறி 65038ஐச் சேர்த்தால் பெரும்பாலும் எழுத்தாகவே நிற்கும்.

கறுப்பு நிரப்பிய வட்ட எழுத்துகள் 127312இலிருந்து தொடங்குகின்றன. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இவற்றுக்கு 4 பைட் வேண்டும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய 'யூடிஎஃப்8' 3 பைட்டோடு நின்றுவிடும், ஆகவே சேமிக்கும்போது பிழை வரும், அல்லது சேமித்த பெயர் பாதியில் வெட்டுப்படும். தரவுத்தள அட்டவணையை, 4 பைட்டையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றுங்கள்.

பெயரையோ முழு வசனத்தையோ அலங்காரத்துக்காக இந்தக் குறிகளால் எழுதவே வேண்டாம். பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரை வாசிப்பான் ஒவ்வொரு எழுத்தையும் 'வட்டமிட்ட' என்று சொல்லிச் சொல்லி வாசிக்கலாம், இல்லை சத்தமில்லாமல் தாண்டிப் போகலாம். தேடலிலும் அகப்படாமல் போகலாம். நம் விடுதிக்காரர் தன் தொலைபேசி எண்ணையே ⓪⑦⑦ என்று வட்டங்களில் போட்டு வைத்திருந்தார். வடிவாகத்தான் இருந்தது. என் போனில் தொட்டுப் பார்த்தேன்; அழைப்புப் போகவில்லை.