‘நானே செய்தேன்’: ஆங்கிலத்தில் அந்த அழுத்தத்தைக் கொண்டுவருவது எப்படி?

தமிழில் அழுத்தம் கொடுக்க ஓர் ஏகாரம் போதும். ‘நான் வரைந்தேன்’ என்றால் வெறும் செய்தி, ‘நானே வரைந்தேன்’ என்றால் வேறு யாரும் அதில் கை வைக்கவில்லை. ஆங்கிலத்தில் இந்த வேலையைப் பார்ப்பவை ரிஃப்ளெக்சிவ் புரோனவுன்கள்: மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப், பன்மைக்கு அவர்செல்வ்ஸ், யுவர்செல்வ்ஸ், தெம்செல்வ்ஸ். ஹிஸ்செல்ஃப், தெயர்செல்வ்ஸ் என்று எழுதிவிடாதீர்கள், பொதுவான ஆங்கிலத்தில் அவை தவறு.

இதே சொற்களுக்கு இன்னொரு வேலையும் இருப்பதால்தான் குழப்பம் வருகிறது. ‘ஷி கட் ஹெர்செல்ஃப்’ என்றால் தன்னைத்தானே வெட்டிக்கொண்டாள். ஹெர்செல்ஃபை எடுத்துவிட்டால் எதை வெட்டினாள் என்று தெரியாமல் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். ‘ஷி கட் த பேப்பர் ஹெர்செல்ஃப்’ அப்படியில்லை, ஹெர்செல்ஃபை எடுத்தாலும் வாக்கியம் முழுசாக இருக்கும், அழுத்தம் மட்டும் போய்விடும். எடுத்துப் பார்த்தும் வாக்கியம் முழுசாக இருந்தால் அது அழுத்தத்துக்காக வந்தது. பேசும்போதும் வித்தியாசம் கேட்கும்: அழுத்தத்துக்கு வரும்போது ‘செல்ஃப்’ என்ற பகுதியைக் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டும், முணுமுணுத்தால் போட்டும் பயனில்லை.

எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ‘த மேனேஜர் ஹிம்செல்ஃப் கால்ட் மி’ என்றால் மேனேஜரே கூப்பிட்டார், அவ்வளவு பெரிய ஆள் என்ற வியப்பு அதில் இருக்கிறது. ‘த மேனேஜர் மேட் த கால் ஹிம்செல்ஃப்’ என்றால் வேறு யாரிடமும் விடாமல் அவரே பேசினார் என்பதுதான் முதலில் படும். ‘ஐ ஸ்போக் டு த மேனேஜர் ஹிம்செல்ஃப்’ என்று சொன்னால் அழுத்தம் உங்கள் மேல் இல்லை, மேனேஜர் மேல். பொருள்களுக்கு வரும் இட்செல்ஃப் இன்னும் அழகு: ‘த எக்ஸாம் இட்செல்ஃப் வாஸ் ஈஸி’ என்றால் தேர்வு என்னவோ சுலபம்தான், சிக்கல் வேறு எங்கோ என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

‘நானே சமைத்தேன்’ என்று நினைத்து ‘ஐ குக்ட் மைசெல்ஃப்’ என்று சொன்னால் என்னையே சமைத்துக்கொண்டேன் என்றுதான் காதில் விழும். நடுவில் ‘இட்’ கட்டாயம் வேண்டும்: ‘ஐ குக்ட் இட் மைசெல்ஃப்’. அப்புறம், மைசெல்ஃப் தனியாக எழுவாயாக வராது. ‘மைசெல்ஃப் டிட் இட்’ தவறு, ‘ஐ டிட் இட் மைசெல்ஃப்’ சரி. அறிமுகம் செய்துகொள்ளும்போது ‘மைசெல்ஃப் ரவி’ என்பதற்குப் பதில் ‘ஐ ஆம் ரவி’ போதும்.

நம் ஏகாரம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் இட்செல்ஃப் போடும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ‘டுடே இட்செல்ஃப்’, ‘நவ் இட்செல்ஃப்’, ‘ஹியர் இட்செல்ஃப்’ எல்லாம் இந்திய ஆங்கிலத்தில் சகஜம், ஆனால் வெளியே இருப்பவர்களுக்கு விநோதமாகக் கேட்கும், ஏனென்றால் இட்செல்ஃப் ஒரு பெயர்ச்சொல்லோடு ஒட்டி வர வேண்டியது, இன்று, இப்போது, இங்கே போன்ற காலத்தையும் இடத்தையும் சுட்டும் சொற்களோடு அது சேராது. இப்போதே என்பதற்கு ‘ரைட் நவ்’, இங்கேயே என்பதற்கு ‘ரைட் ஹியர்’, நேற்றே அனுப்பிவிட்டேன் என்பதற்கு ‘ஐ ஆல்ரெடி சென்ட் இட் எஸ்டர்டே’.

முன்னால் ‘பை’ சேர்ந்தால் கதை வேறு. ‘ஐ லிவ் பை மைசெல்ஃப்’ என்றால் தனியாக வசிக்கிறேன். ‘ஐ டிட் இட் பை மைசெல்ஃப்’ என்றால் துணைக்கு யாரும் இல்லாமல் செய்தேன். ‘ஐ வென்ட் தேர் மைசெல்ஃப்’ என்பதில் கூட நாலு பேர் வந்திருக்கலாம், நான் நேரில் போனேன் என்பதுதான் விஷயம். ‘பை மைசெல்ஃப்’ என்று சொல்லிவிட்டால் அந்த நாலு பேருக்கும் இடமில்லை.