கோழிக்கு மருந்து புகட்டுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

முதன்முதலாகக் கோழிக்கு மருந்து புகட்டிய அன்று நான் செய்த தப்பைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். கருப்பி என்றொரு பெட்டை. உடம்பு சரியில்லாமல் இருந்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்த திரவ மருந்தை ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்தேன். கோழியின் தலையை நன்றாக அண்ணாந்து பிடித்து, அலகைப் பிளந்து, ஒரே அழுத்தாக உள்ளே விட்டேன். அடுத்த நொடி பாதி மருந்து அதன் மூக்குத் துளைகள் வழியே வெளியே வந்தது. மீதியில் கொஞ்சம் என் சட்டையில். வாயைப் பிளந்தபடி அது 'கொர்ர்... கொர்ர்' என்று மூச்சை இழுத்த சத்தத்தைக் கேட்டு எனக்குக் கை நடுங்கிவிட்டது. கருப்பி பிழைத்துக்கொண்டது. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

சட்டையிலும் கையிலும் சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். நுரையீரலுக்குள் போனால் அதே மருந்து கோழியைக் கொன்றுவிடும். அதனால் கோழியைப் பிடிக்கும் முன் அதன் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வாய்க்குள் ஒருமுறை பாருங்கள்

நல்ல ஆரோக்கியமான கோழி ஒன்றை வெளிச்சத்தில் மடியில் வைத்துக்கொண்டு, அலகுக்குக் கீழே தொங்கும் தாடியை மெதுவாகக் கீழ்நோக்கி இழுங்கள். கீழ் அலகு தானாக இறங்கும். உள்ளே அம்பு முனை போல ஒரு நாக்கு. அதன் பின்விளிம்பில் தொண்டையைப் பார்த்தபடி முள் போன்ற சின்ன நீட்சிகள். அதற்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு பிளவு, ஒவ்வொரு மூச்சுக்கும் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல்.

நமக்கு விழுங்கும்போது அந்த வாசலை மறைக்க ஒரு மூடி இருக்கிறது. கோழிக்கு அந்த மூடி கிடையாது. தானாக விழுங்கும் நேரத்தில் மட்டும் தசையால் அந்தப் பிளவை இறுக்கி மூடிக்கொள்ளும். அது எதிர்பார்க்காத நேரத்தில் நாம் ஊற்றினால் வாசல் திறந்தே இருக்கும். உணவுக்குழாய் அதற்கும் பின்னால் தொடங்கி, கழுத்தின் வலப்பக்கமாக (கோழியின் வலம், உங்கள் வலம் அல்ல) இறங்கித் தீனிப்பைக்குப் போகிறது. மேல் அண்ணத்திலும் நீளவாக்கில் ஒரு பிளவு தெரியும். அது மூக்கோடு இணைந்தது. கருப்பியின் மூக்கில் மருந்து ஒழுகிய வழி அதுதான்.

ஆக, நாம் மருந்தை ஊற்றுவதில்லை. கோழியைத் தானே விழுங்க வைக்கிறோம். கீழே வரும் எல்லாமே இதற்காகத்தான்.

படி 1: கொடுக்கலாமா என்று பாருங்கள்

தலையைத் தூக்க முடியாமல் சாய்ந்து கிடக்கிற கோழிக்கு வாய்வழியாக எதையும் கொடுக்க வேண்டாம். அதனால் சரியாக விழுங்க முடியாது. அதற்கு ஊசி மருந்துதான் வழி, மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

நிமிர்ந்து நிற்கிறது என்றால், கழுத்துக்குக் கீழே மார்பின் வலப்பக்கம் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். இரவெல்லாம் எதுவும் தின்னாத கோழிக்குக் காலையில் அது காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல் மாதிரி கெட்டியாகவோ, நீர் நிரம்பிய பலூன் போலத் தளதளவென்றோ இருந்தால் தீனி கீழே இறங்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் கொடுக்கும் மருந்தும் அங்கேயே தேங்கும். முதலில் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

போன முறை மிச்சமான மருந்து அலமாரியில் இருக்கிறது என்பதற்காக அதை எடுக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது.

படி 2: எடை, பிறகு அளவு

'குத்துமதிப்பாக ரெண்டு கிலோ இருக்கும்' என்பது வேலைக்காகாது. இறகுக் குவியல் கண்ணை ஏமாற்றும். நோயில் இளைத்த கோழி பார்க்க அப்படியே இருக்கும், தூக்கினால்தான் தெரியும். சமையலறைத் தராசில் ஒரு காலிக் கூடையை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, கோழியை அதற்குள் உட்கார வைத்து மேலே துணி போட்டு மூடுங்கள். இருட்டில் அசையாமல் இருக்கும்.

கணக்குக்கு ஒரு உதாரணம். இது கணக்கு புரிவதற்கு மட்டும், எந்த மருந்தின் அளவும் அல்ல. கிலோவுக்கு 10 மி.கி. என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கோழி 1.8 கிலோ. அப்படியானால் 18 மி.கி. தேவை. புட்டியில் '5 மி.லி.யில் 125 மி.கி.' என்று இருக்கிறது. ஒரு மி.லி.யில் 25 மி.கி. என்று ஆகிறது. 18-ஐ 25-ஆல் வகுத்தால் 0.72 மி.லி.

பெரும்பாலான குளறுபடி மி.கி.யையும் மி.லி.யையும் ஒன்றாக நினைப்பதில்தான் நடக்கிறது. இந்தக் கோழிக்கு 18 மி.லி. என்று எடுத்தால் 25 மடங்கு மருந்து போகும்! 1 மி.லி. சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் நூறில் ஒரு பங்கு வரை கோடு இருக்கும். இன்சுலின் சிரிஞ்சில் உள்ள எண்கள் 'யூனிட்', மி.லி. அல்ல. நூறு யூனிட் சிரிஞ்சில் 100 என்பதுதான் 1 மி.லி.

படி 3: பிடிப்பது

கோழி அடைந்த பிறகு, மங்கிய வெளிச்சத்தில் எடுத்தால் துரத்த வேண்டிய வேலையே இல்லை. இருட்டில் கோழிக்குப் பார்வை மந்தம். பகலில்தான் கொடுக்க வேண்டும் என்றால், காலையில் கூண்டைத் திறக்கும்போதே எடுத்துவிடுங்கள். தோட்டம் முழுக்க ஓடவிட்டுப் பிடித்த கோழிக்கு மூச்சு வாங்கும், அந்த நேரத்தில் மருந்து கொடுப்பது ஆபத்து.

ஒரு துண்டை விரித்து, இறக்கைகள் உடம்போடு ஒட்டியிருக்கும்படி சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய மேசையில் வையுங்கள். வால் உங்கள் வயிற்றைப் பார்த்தும், முகம் உங்களுக்கு எதிர்த்திசையிலும் இருக்கட்டும். சுற்று தளர்வாக இருக்க வேண்டும். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். நெஞ்சை இறுக்கினால் வாய் திறந்திருந்தும் மூச்சு நின்றுவிடும். மல்லாக்கவும் படுக்க வைக்க வேண்டாம், தீனிப்பையில் உள்ளது தொண்டைக்கு ஏறி வரும்.

படி 4: துளித் துளியாக

இடக்கையை அதன் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், கட்டைவிரலும் சுட்டுவிரலும் தாடை சேரும் இடத்தில் லேசாகப் படும்படி வையுங்கள். தலை ஆடாமல் இருக்கத்தான் இந்தப் பிடி, அழுத்தத் தேவையில்லை. தலை வழக்கமாக இருக்கும் மட்டத்தில் இருக்கட்டும். அண்ணாந்து பிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது!

அலகைத் திறக்கவே வேண்டாம். மேல் அலகும் கீழ் அலகும் சேரும் பக்கவாட்டுக் கோட்டில் சிரிஞ்சின் முனையை வைத்து ஒரே ஒரு துளி விடுங்கள். அந்தத் துளி அலகின் கோடு வழியே தானாக உள்ளே போகும். கொஞ்சம் பொறுங்கள். அலகு இரண்டு மூன்று முறை 'சப் சப்' என்று அசையும், தொண்டை ஒரு முறை ஏறி இறங்கும். அது விழுங்கிவிட்டது. அப்புறம் அடுத்த துளி. விழுங்குவது பழகியதும் ஒரு தடவைக்கு 0.1 மி.லி. வரை கூட்டலாம். ஒரு மி.லி. முடிய இரண்டு நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

நடுவில் தலையை உதறும். துளிகள் உங்கள் முகத்தில் தெறிக்கும். எவ்வளவு உள்ளே போனது என்ற குழப்பம் வரும். அப்போது 'எதற்கும் இன்னொரு தடவை' என்று முழு அளவையும் திரும்பக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் குறைந்ததை அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம், இரட்டிப்பாகப் போனதை வெளியே எடுக்க முடியாது.

சிரிஞ்சின் முனையை நாக்கைத் தாண்டித் தொண்டை வரை கொண்டுபோய் ஒரே தடவையில் கொடுக்கும் முறையும், தீனிப்பை வரை குழாய் விடும் முறையும் உண்டு. தெரிந்தவர் கையால் ஒரு நிமிட வேலை. எழுத்தில் படித்துவிட்டு முயற்சி செய்யக் கூடாதவை இந்த இரண்டும். மருத்துவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

மாத்திரையாக இருந்தால்

மாத்திரை எளிது. முழு மக்காச்சோளத்தையே அப்படியே விழுங்குகிற பறவைக்கு அந்த அளவுள்ள துண்டு ஒரு பொருட்டில்லை. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைப் பிசைந்து சின்ன உருண்டைகள் செய்யுங்கள். திராட்சையைக் கீறி உள்ளே வைப்பதும் நன்றாக வேலை செய்யும். முதலில் வெறும் உருண்டை ஒன்று, அடுத்து மருந்துள்ளது, உடனே இன்னொரு வெறும் உருண்டை. கோழிக்கு மிளகாயின் காரம் தெரியாது, ஆனால் கசப்பு தெரியும். யோசிக்க நேரம் கொடுக்காமல் மூன்றாவதைக் காட்டிவிட வேண்டும்.

தனியாக வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு கோழி வாயில் எதையாவது கவ்வினால் மற்றதெல்லாம் அதைத் துரத்தும். நோயாளியின் மாத்திரையைக் கூட்டத்திலேயே கொழுத்த சேவல் பிடுங்கித் தின்றுவிட்டுக் கம்பீரமாகக் கூவும்.

உருண்டையைத் தொடவே மாட்டேன் என்றால், தாடியை மெல்ல இழுத்து வாயைத் திறந்து, நீரில் நனைத்த மாத்திரைத் துண்டை நாக்கின் பின்பக்கம், மூச்சு வாசலைத் தாண்டி வைத்து, அலகை மூடித் தொண்டையைக் கீழ்நோக்கி வருடுங்கள். மேல்பூச்சு உள்ள மாத்திரையை உடைக்கலாமா, பொடிக்கலாமா என்று கேட்டுவிட்டே செய்யுங்கள்.

தண்ணீரில் கலக்கலாமே?

ஒரு கோழிக்கு மட்டும் மருந்து என்றால் வேண்டாம். சாதாரண நாளில் ஒரு பெட்டை 200 முதல் 250 மி.லி. வரை குடிக்கும், கடும் வெயிலில் அதைப்போல் இரண்டு மடங்கு. உடம்பு சரியில்லாதது எவ்வளவு குடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

கூட்டம் முழுவதற்கும் கொடுக்கும்போது தண்ணீர்தான் வசதி. ரத்தக்கழிச்சலுக்கான ஆம்ப்ரோலியத்தை அப்படித்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் தீனியை விட்ட கோழியும் தண்ணீர் குடிக்கும். வேறு தண்ணீர் எங்கும் இருக்கக் கூடாது, தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். அந்த மருந்து பி1 வைட்டமின் போல வேஷம் போட்டுத்தான் நோய்க்கிருமியைப் பட்டினி போடுகிறது. கூடவே பி1 உள்ள சத்து டானிக்கையும் கலந்தால் மருந்தின் வேலை கெட்டுவிடும். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளை உலோகப் பாத்திரத்தில் கலக்காதீர்கள். அதே வேளையில் தயிர், பால், கிளிஞ்சல் தூள் போன்ற சுண்ணாம்புச் சத்தும் வேண்டாம், மருந்து அதோடு ஒட்டிக்கொண்டு எச்சத்தோடு வெளியே போய்விடும்.

புரை ஏறினால்

உடனே நிறுத்துங்கள். துண்டை அவிழ்த்து, தலை சற்றுக் கீழ்நோக்கி இருக்கும்படி முன்பக்கம் சாய்த்து, அதுவாகவே உதறி வெளியேற்ற விடுங்கள். முதுகில் தட்ட வேண்டாம், தண்ணீர் கொடுக்கவே கூடாது. சில நிமிடங்களில் மூச்சு சீராகிவிடும். கொண்டை நீலம் பாய்ந்தாலோ, கொறகொறப்பு நிற்காவிட்டாலோ மருத்துவரிடம் ஓடுங்கள்.

முட்டை

மருந்து எழுதும்போதே 'எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது?' என்று கேட்டுவிடுங்கள். ஒரு மஞ்சள் கரு முட்டைக்குள் வருவதற்கு முன் சுமார் 10 நாள் படிப்படியாகப் பெருக்கிறது. அந்த நாட்களில் ரத்தத்தில் இருந்த மருந்தும் அதில் சேரும். அதனால் மருந்தை நிறுத்திய மறுநாள் இட்ட முட்டை சுத்தமானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. வேகவைத்தால் போய்விடும் என்றும் நம்ப வேண்டாம். வீட்டில் செல்லமாக வளர்த்தாலும் சட்டத்தின் பார்வையில் கோழி உணவுக்கான பிராணி, சில மருந்துகளுக்கு அதனால் முழுத் தடை உண்டு. என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை அமெரிக்காவில் 2005-இல் கோழிகளுக்கு நிறுத்திவிட்டார்கள்.

கொடுத்து முடித்ததும் சிரிஞ்சை வெந்நீரில் அலசி உலர வையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கூண்டுக் கதவில் ஒரு தாளை ஒட்டி நாள், வேளை, அளவு, கொடுத்தவர் பெயர் எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு நாள் காலை நானும் கொடுத்து, நான் குளிக்கப் போன நேரத்தில் மனைவியும் கொடுத்துவிட்டாள். அந்தத் தாள் அன்று மாலை ஒட்டியது.