ஒரே ஸ்லைடில் இருவகைச் செல்கள்: புரோகேரியோட்டையும் யூகேரியோட்டையும் பிரித்தறியும் முறை

புரோகேரியோட் (உட்கரு இல்லாத பாக்டீரியா போன்றவை), யூகேரியோட் (உட்கரு உடையவை) ஆகிய இருவகைச் செல்களுக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணையாக மனப்பாடம் செய்தவர்கள்கூட, அறிமுகமில்லாத செல்லொன்றின் படத்தைக் கண்டால் திணறுவதுண்டு. நம் கன்னத்தின் உட்புறத்திலேயே இரண்டும் அருகருகே இருப்பதால், அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: சுத்தமான பல்குச்சியின் மழுங்கிய முனையால் கன்னத்தின் உட்பகுதியை மெதுவாக வழித்து, ஸ்லைடிலுள்ள ஒரு சொட்டு நீரில் பரப்பவும். அதன்மேல் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் இட்டு, இரண்டு நிமிடம் கழித்துக் கவர் ஸ்லிப்பைச் சாய்த்தவாறு இறக்கினால் காற்றுக்குமிழிகள் அதிகம் சிக்காது. (சாயம் துணியில் பட்டால் எளிதில் போகாது.)

படி 2: நுண்ணோக்கியின் 10 மடங்கு லென்ஸில் தெளிவாகக் குவித்த பிறகே 40 மடங்கு லென்ஸுக்கு மாற்றவும். ஓரம் மடிந்த வெளிர்நீலத் தகடுகளாகத் தெரிபவை கன்னச் செல்கள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர் அகலமுடையது. அதனுள் அடர்நீலப் பொட்டாக இருப்பது உட்கரு. அத்தகடுகளின்மேல் மை தெறித்தாற்போல் ஒட்டியிருக்கும் நுண்புள்ளிகள் பெரும்பாலும் பாக்டீரியாக்கள். அவற்றுள் பொட்டு எதுவும் தென்படாது.

படி 3: உட்கரு உண்டா என்பதே முதற்கேள்வியாக இருக்கட்டும். உட்கரு இல்லையென்றால் டிஎன்ஏவும் இல்லை என்று பலர் தவறாக எண்ணுகின்றனர். சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஈ.கோலை பாக்டீரியாவின் வளைய டிஎன்ஏவை நீட்டிப்பிடித்தால் அது 1.5 மில்லிமீட்டர் வரும். அத்தனையும் சவ்வால் சூழப்படாமல் செல்லுக்குள் சுருண்டு கிடக்கிறது. தடுப்புச் சவ்வு இல்லாததால், டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ படியெடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ரைபோசோம்கள் அதில் ஏறிப் புரதம் தயாரிக்கத் தொடங்கிவிடுகின்றன. யூகேரியோட்டிலோ ஆர்என்ஏ உட்கருத் துளைகள் வழியே சைட்டோபிளாசத்துக்கு வந்த பிறகே அவ்வேலை நடக்கும். என் பார்வையில், மற்ற வேறுபாடுகளைவிட இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

படி 4: மைட்டோகாண்ட்ரியா, கோல்கை உறுப்பு போன்ற சவ்வு சூழ்ந்த நுண்ணுறுப்புகளைத் தேடவும், அவை யூகேரியோட்டுக்கு உரியவை. ரைபோசோம் இரண்டிலும் உண்டு. அதன் அளவு புரோகேரியோட்டில் 70 எஸ், யூகேரியோட்டின் சைட்டோபிளாசத்தில் 80 எஸ் (எஸ் என்பது மையவிலக்கியில் சுழற்றும்போது துகள் படியும் வேகத்தைக் குறிக்கும் ஸ்வெட்பெர்க் அலகு).

படி 5: அளவைக் கடைசியாகப் பாருங்கள். 2022இல் விவரிக்கப்பட்ட தயோமார்கரிட்டா மேக்னிஃபிகா என்னும் பாக்டீரியா ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுடையது, வெறுங்கண்ணுக்கே தெரியும். மாறாக, 8 மைக்ரோமீட்டருக்கும் குறைவான மனிதச் சிவப்பணுவில் உட்கருவே இல்லை. ஆயினும் எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது இருந்த உட்கருவை முதிரும் கட்டத்தில் வெளியேற்றிவிட்ட யூகேரியோட்டிக் செல்தான் அது.