ஊரில் நீண்ட நாள் நிற்கப் போகிறீர்களா? முதலில் நாட்களை எண்ணுங்கள்

இலங்கையில் இருக்கிற சொந்த ஊருக்குப் போக விசா எடுப்பது பலருக்கு இன்னும் மனதில் ஒட்டாத விஷயம். பிறந்தது சாவகச்சேரியாக இருக்கலாம், படித்தது யாழ்ப்பாணமாக இருக்கலாம். கையில் இருப்பது கனேடியக் கடவுச்சீட்டோ பிரித்தானியக் கடவுச்சீட்டோ என்றால், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்போது நீங்கள் உல்லாசப் பயணிதான். இரண்டு கிழமை விடுமுறைக்கு இதனால் ஒரு சிக்கலும் இல்லை. இரண்டு மூன்று மாதம் நிற்க நினைப்பவர்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலானோர் போவது ஈ.டி.ஏ. என்ற இணையவழி முன் அனுமதியோடு. 2012இல் வந்த முறை இது. 2024இல் சில மாதம் வேறொரு முறைக்கு மாற்றினார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், பழைய முறையே திரும்பி வந்தது. அந்த மாதங்களில் போடப்பட்ட யூடியூப் காணொளிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, அவற்றைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கட்டணமும் எந்த நாட்டவருக்கு எவ்வளவு என்பதும் அடிக்கடி மாறுகிற சங்கதி. விண்ணப்பிக்கும் அன்றைக்கு அரசின் தளத்திலேயே பாருங்கள். முகவரி 'கவ் டொட் எல்கே' (gov.lk) என்று முடிய வேண்டும். தேடினால் முதலில் வந்து நிற்பவற்றில் சில, அதே வேலைக்கு இரட்டிப்புக் காசு வாங்கும் இடைத்தரகர்களின் தளங்கள்.

அனுமதி உங்கள் கடவுச்சீட்டு இலக்கத்தோடு கட்டப்பட்டது. விண்ணப்பித்த பிறகு கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் பழைய அனுமதியை நம்பிப் புறப்படாதீர்கள். அப்பா பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்று நம் பெயர்கள் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி ஏறியிருக்கும். ஊரில் உங்களை எப்படிக் கூப்பிட்டாலும் சரி, கடவுச்சீட்டில் இருக்கிற வரிசையிலேயே எழுதுங்கள். கடவுச்சீட்டு இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பது தெரிந்ததுதான்.

இப்போது நாள் கணக்கு. ஈ.டி.ஏ. தருவது 30 நாள். கேட்க நிறைய மாதிரித்தான் இருக்கும். நல்லூர்த் திருவிழா 25 நாள். கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்து, கடைசி நாள் தீர்த்தம் முடிந்து மறுநாள் பூங்காவனமும் பார்த்தால் 28 நாள் போய்விடும். மிச்சம் இரண்டே நாள். சித்தி வீட்டுக்கும் போகவில்லை, கொழும்புக்கும் இறங்கவில்லை.

இதைவிடக் கடினமான கணக்கு ஒன்று உண்டு. அம்மா ஏலாமல் இருக்கிறார் என்று ஓடி வருகிறீர்கள். வந்த ஐந்தாம் நாள் கண்ணை மூடிவிடுகிறார். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை. உங்கள் கணக்கில் அது 35ஆம் நாள். செத்த வீட்டில் யாருக்கு விசா ஞாபகம் வரும்? எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து, ஆட்கள் குறைந்து, ஒருநாள் கடவுச்சீட்டைத் திறந்து பார்க்கும்போதுதான் திகதி கண்ணில் படும். அதனால் வந்திறங்கிய அன்றே, முத்திரையில் உள்ள திகதியை வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிடுங்கள். நள்ளிரவு தாண்டி இறங்கும் விமானம் என்றால் புறப்பட்ட நாளை வைத்து எண்ணி ஏமாறாதீர்கள்; முத்திரை சொல்வதுதான் கணக்கு.

நீடிப்பு எடுப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. உல்லாசப் பயண விசாவை வந்த நாளிலிருந்து 6 மாதம் வரை நீடிக்கலாம். முன்பு இதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் ஏறி, பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 400 கிலோமீட்டர் போவது ஒரு முத்திரைக்காக! இப்போது திணைக்களத்தின் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். விசா முடிய குறைந்தது பத்து நாள் இருக்கும்போதே தொடங்குங்கள் என்பேன். கடைசி நாளில் வெளிநாட்டு வங்கி அட்டை வேலை செய்யாது, மின்சாரம் நிற்கும், பொது விடுமுறை வரும். போயா என்ற பௌர்ணமி விடுமுறை மாதத்துக்கு ஒன்றாவது இருக்கிறதே. கிடைத்த அனுமதியை அச்செடுத்துக் கடவுச்சீட்டுக்குள் வையுங்கள். திகதி தாண்டி நின்றால் தண்டப் பணம் உண்டு, அதுவும் விமானத்துக்கு நேரமாகிற வேளையில்.

நடுவில் சென்னைக்கு ஒருமுறை போய் வந்தால் நாள் புதிதாகத் தொடங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஈ.டி.ஏ. இரண்டு தடவை உள்ளே வர விடும், ஆனால் 30 நாள் முதல் வருகையிலிருந்தே ஓடும். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது, காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியது. ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இந்தியாவுக்குத் தனி விசா வேண்டும். அங்கே மின்விசாவோடு உள்ளே போகக் குறிப்பிட்ட விமான நிலையங்களும் துறைமுகங்களும்தான் உண்டு. சென்னை விமான நிலையம் அதில் ஒன்று. கப்பலில் போவதென்றால் அந்தப் பட்டியலைப் பார்க்காமல் சீட்டு எடுக்காதீர்கள்.

அப்புறம், நிற்கிற நாளில் என்ன செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். படித்த பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் கணினி சொல்லிக் கொடுக்கலாம் என்று நல்ல மனதோடு வருகிறார்கள். சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான். உல்லாசப் பயண விசாவில் அதற்கு இடமில்லை. ஒருநாள் போய்ப் பிள்ளைகளோடு பேசிவிட்டு வருவதையும் மூன்று மாதம் வகுப்பு எடுப்பதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

காணி விஷயமாக வருபவர்கள் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு வாருங்கள். வெளிநாட்டவர் பெயருக்குக் காணி உறுதி எழுதுவதை அது தடுக்கிறது. நெருங்கிய உறவுகளிடமிருந்து மரபுரிமையாக வருவதற்கு விலக்கு உண்டு, இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் விலக்கு உண்டு. அப்பா இருக்கும்போதே நன்கொடையாக எழுதித் தருவது வேறு, அவருக்குப் பின் வருவது வேறு. உறுதி எழுதும் நொத்தாரிசிடம் இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

ஒவ்வொரு ஆண்டும் மாதக் கணக்கில் வந்து நிற்பவர்கள் நீடிப்போடு மல்லுக்கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. முன்னாள் இலங்கையருக்கு வதிவிட விசா என்று ஒரு வகை இருக்கிறது. அதற்கும் மேலானது இரட்டைக் குடியுரிமை. 2011இல் நிறுத்தி வைத்து 2015இல் மீண்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். நாம் வாழும் நாட்டிலுள்ள தூதரகம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழ், வெளிநாட்டுக் குடியுரிமைப் பத்திரம், பொலிஸ் நற்சான்று என்று தாள்கள் சேர்க்கவே மாதங்கள் போகும். பிறப்புப் பதிவு இடப்பெயர்வில் தொலைந்தவர்கள், இந்தத் தடவை ஊரில் நிற்கும்போதே பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுத்துக்கொண்டு திரும்புங்கள்.

அதுவரை, அலுமாரியில் கிடக்கும் பழைய இலங்கைக் கடவுச்சீட்டு இன்னும் காலாவதியாகவில்லையே என்று எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டாம். வேறு நாட்டின் குடியுரிமை எடுத்த அன்றே, முன்கூட்டி அனுமதி வாங்காதவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை போய்விட்டது. அந்தக் கடவுச்சீட்டும் அதோடு சேர்ந்துதான் போனது.