யூசர் ஏஜென்ட்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி எழுதிய நிரலைப் போன வாரம் பார்த்தேன். யூசர் ஏஜென்ட்டில், அதாவது பிரவுசர் தன்னை யார் என்று தளத்துக்குச் சொல்லும் வரியில், 'சஃபாரி' என்று இருந்தால் ஐபோன் வாடிக்கையாளர் என்று எழுதியிருந்தார். ஒரு காலத்தில் நானும் இதையேதான் எழுதினேன்.

பெயரைப் பார்த்து பிரவுசரை முடிவு செய்வது

பக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் பிரவுசர் இந்த வரியைச் சேர்த்து அனுப்பும். விண்டோஸில் ஓடும் குரோம் அனுப்புவதைப் பாருங்கள்:

மொஸில்லா/5.0 (விண்டோஸ் என்டி 10.0, வின்64, எக்ஸ்64) ஆப்பிள்வெப்கிட்/537.36 (கேஎச்டிஎம்எல், லைக் கெக்கோ) குரோம்/124.0.0.0 சஃபாரி/537.36

1990-களில் நெட்ஸ்கேப் என்ற பிரவுசருக்கு மட்டும் நல்ல பக்கத்தைக் கொடுத்த தளங்கள் இருந்தன. நெட்ஸ்கேப்பின் செல்லப்பெயர் மொஸில்லா. தனக்கும் அந்தப் பக்கம் கிடைக்க வேண்டும் என்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதே பெயரைப் போட்டுக்கொண்டது. பின்னால் வந்தவையும் முன்னால் வந்தவற்றின் பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போயின. தம்பியின் நிரல் குரோம், எட்ஜ் எல்லாவற்றையும் ஐபோன் என்றே எண்ணும்.

வெர்ஷன் எண்ணை வெட்டி எடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு பஸ் டிக்கெட் தளத்துக்கு, 'குரோம்/' என்பதற்கு அடுத்த இரண்டு எழுத்துகளை எடுத்து, 40-க்குக் கீழே இருந்தால் "உங்கள் பிரவுசர் பழையது" என்று காட்டும்படி எழுதினேன். பல வருடம் ஒழுங்காக ஓடியது. 2022 மார்ச் கடைசியில் குரோம் 100 வந்தது. முதல் இரண்டு எழுத்து 10. அப்டேட் செய்தவர்களை மட்டும் தளம் வெளியே தள்ளியது.

எல்லாருக்கும் ஒரே நாளில் அப்டேட் போகாததால் எங்கள் கணினிகளில் இன்னும் 99-தான். இங்கே எல்லாம் சரியாகவே தெரிந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போக டிக்கெட் போடும் நேரம். போனில் திட்டியவர்களிடம் "பிரவுசரை அப்டேட் பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அப்டேட் செய்ததால்தான் அவர்கள் மாட்டினார்கள்! ஒருவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் 'குரோம் 10' என்று பார்த்த பிறகுதான் உறைத்தது.

இதில் புதிது எதுவும் இல்லை. 2009-ல் ஓபரா பிரவுசரின் 10-ம் வெர்ஷன் வந்தபோதும் ஒற்றை இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் குழம்பின. ஓபரா தன் வரியில் 9.80 என்றே போட வேண்டியதாயிற்று. குரோம் 100-க்கும் பல மாதம் முன்பே கூகுளும் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொஸில்லா அமைப்பும் எச்சரித்தன, சோதிக்க வழியும் கொடுத்தன. நான் படிக்கவில்லை.

பிரவுசர் எது என்று கேட்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய வசதி அதில் இருக்கிறதா என்று ஜாவாஸ்கிரிப்ட்டில் சோதியுங்கள்.

விண்டோஸ் 11-ஐத் தேடுவது

கிடைக்காது. அங்கேயும் விண்டோஸ் 10 போலவே என்டி 10.0-தான்.

ஐபேடை மொபைல் என்று எண்ணுவது

2019-ல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் ஐபேட் சஃபாரி பெரும்பாலும் தன்னை மேக் என்றே சொல்லும்.

'கூகுள்பாட்' என்றால் கதவைத் திறப்பது

கூகுள் தேடலுக்காகப் பக்கங்களைப் படிக்க வரும் நிரலின் பெயர் அது, ஆனால் அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் போடலாம். வந்தவரின் ஐபி முகவரிக்கு டிஎன்எஸ்ஸில் (இணையப் பெயர்ப் பதிவேட்டில்) உள்ள பெயர் கூகுளுடையதா, அந்தப் பெயர் அதே ஐபிக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

இன்காக்னிட்டோ யூசர் ஏஜென்ட்டை மறைக்கும் என்று நம்புவது

மறைக்காது.

எக்ஸ்டென்ஷன் போட்டு வேஷம் மாற்றுவது

லேப்டாப்பில் இருந்துகொண்டு வரியில் ஐபோன் என்று போட்டாலும், திரை அளவும் தொடுதிரை இல்லாததும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குத் தெரியும். ஐபோன் என்று சொல்லும் லேப்டாப்கள் குறைவு. கூட்டத்தில் உங்களைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிதாகும். ஆண்ட்ராய்டு குரோமில் 2023 முதல் போன் மாடலுக்குப் பதில் 'கே' என்றுதான் போகிறது. ஆனால் தளம் தனியாகக் கேட்டால் கிளையன்ட் ஹின்ட்ஸ் (தளம் கேட்கும் விவரத்தை மட்டும் பிரவுசர் தனியாக அனுப்பும் முறை) வழியாக மாடலைக் குரோம் சொல்லிவிடும்.