பாம், சையான் காலத்துக் கருவிகளுக்கு உள்ளூரில் ஒரு கிளப் தொடங்குவது எப்படி

அலமாரியில் ஒரு பழைய கையடக்கக் கணினி, பாம் பைலட்டோ, மடக்குகிற சையானோ, கீபோர்டு வைத்த ட்ரியோ போனோ இருக்கிறது, அதைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை என்று நினைப்பவர்களுக்காக இது. ஆள் இருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்தால் கிளப் தொடங்கிவிடலாம், அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நாலாவது கூட்டத்துக்கு அந்த நாலு பேரும் வருவார்களா என்பதுதான் கேள்வி. அவரவர் சேகரிப்பை மேஜையில் பரப்பி, 'அட, இதுவா' என்று புரட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புகிற கிளப் சீக்கிரம் காலியாகிவிடும், ஏனென்றால் ஒருமுறை பார்த்த பொருளை மறுபடி பார்க்க யாரும் விடுமுறை நாளைச் செலவழித்து வரமாட்டார்கள். பொருளை ஓட வைக்கிற கிளப் நிலைக்கும். தனியாளாக வாங்கி வைத்துக்கொள்ள முடியாத கேபிள், சார்ஜர், பழைய லேப்டாப், கை தேர்ந்த ஓர் ஆள் இதெல்லாம் அங்கே கிடைக்கும் என்றால் தானாகவே வருவார்கள்.

எதெல்லாம் சேர்த்தி என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள், ஆனால் ரொம்ப நேரம் பேசாதீர்கள். 1984-ல் வந்த சையான் ஆர்கனைசர் ஒரு முனை என்று வைத்துக்கொண்டால், மறுமுனையை 2007-ன் ஐபோனிலோ 2008-ன் முதல் ஆண்ட்ராய்டு போனிலோ நிறுத்தலாம் என்று தோன்றும். அப்படி நிறுத்தினால் 2009-ல் வந்த பாம் ப்ரீயும் நோக்கியா என்900-மும் வாசலில் நிற்கும், அது அநியாயம். இடையில் ஆப்பிள் நியூட்டன், எச்பி 200எல்எக்ஸ், விண்டோஸ் சிஇ கருவிகள், நோக்கியா கம்யூனிகேட்டர், பிளாக்பெர்ரி, சிம்பியன் போன்கள் என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. வாசலை அகலமாகவே வையுங்கள். 'இது கையடக்கக் கணினியா, வெறும் மின்னணு டைரியா' என்ற சண்டையைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாம், விதியாக வேண்டாம்.

ஆள் சேர்க்க, நூலக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள், போன் பழுது பார்க்கும் கடைகளில் ஒரு வார்த்தை, பழைய அலுவலக நண்பர்களிடம் ஒரு விசாரிப்பு போதும். 'ஆர்வலர்கள் வரவும்' என்று எழுதினால் யாரும் தன்னை ஆர்வலர் என்று நினைத்துக்கொள்ள மாட்டார்கள். 'உங்கள் பழைய பாம் ஆன் ஆகவில்லையா, எடுத்து வாருங்கள்' என்று எழுதுங்கள்.

இடம் பார்க்கும்போது இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, நிறைய பிளக் பாயின்ட். இன்னொன்று, ஜன்னல். பழைய கறுப்பு வெள்ளைத் திரைகள் வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டித்தான் தெரிகின்றன, பலவற்றில் பின்விளக்கே கிடையாது, இருப்பதும் ஒரு மங்கல் பச்சைதான். மஞ்சள் விளக்கு போட்ட ஹாலில் உட்கார்ந்தால் பாதிப் பேர் திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தே களைத்துவிடுவார்கள்.

முதல் கூட்டத்தில் தலைவர், செயலாளர் தேர்தலெல்லாம் வைக்காதீர்கள். இன்ஃப்ராரெட் வையுங்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒளியால் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் அனுப்பிப் பார்ப்பது. 1998-ல் வந்த பாம் III முதல் அந்தக் குடும்பக் கருவிகள் பெரும்பாலானவற்றில் தலைப்பக்கம் ஒரு சின்னக் கருஞ்சிவப்பு ஜன்னல் இருக்கும். முகவரிப் புத்தகத்தில் உங்கள் பெயரைத் திறந்து அதையே விசிட்டிங் கார்டாகக் குறித்துவிட்டு, இரண்டு கருவிகளை ஒரு சாண் இடைவெளியில் நேருக்கு நேர் நீட்டி, முகவரிப் புத்தகப் பட்டனை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால், உங்கள் பெயரும் எண்ணும் எதிராளியின் திரைக்குப் போய் 'ஏற்கவா?' என்று கேட்கும். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகமாக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நேர் வெயில் மட்டும் விழக்கூடாது, வெயில் இன்ஃப்ராரெட்டைக் குழப்பிவிடும், அதனால் திரைக்கு ஜன்னல் பக்கம், பீமிங்குக்கு, அதாவது இப்படி அனுப்புவதற்கு, உள் பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாமிலிருந்து நோக்கியாவுக்கு, நோக்கியாவிலிருந்து ஐபேக் என்ற விண்டோஸ் கையடக்கக் கருவிக்கு என்று மாற்றி மாற்றி அனுப்பிப் பாருங்கள். சில ஜோடிகள் பேசிக்கொள்ளும், சில முறைத்துக்கொண்டு நிற்கும். எது எதோடு பேசியது என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி வையுங்கள், அதுதான் கிளப்பின் முதல் ஆவணம்.

பேட்டரி: இங்கேதான் நேரம் போகும்

பல வருஷம் மூடிக் கிடந்த கருவியை யாராவது கொண்டுவந்தால், ஆன் செய்து பார்க்கும் முன் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். இதை மட்டும் கண்டிப்பான விதியாக்குங்கள். ஆல்கலைன் செல் கசிந்திருந்தால் ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருக்கும். கசிவது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. எனவே காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகரை ஒரு சொட்டு மட்டும் நனைத்துத் துடைத்தால் அது நுரைத்து அடங்கும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் வினிகரையும் துடைத்தெடுத்து, நன்றாகக் காயவிட்டு, அதற்கப்புறம்தான் புது செல். வினிகரைப் பாட்டிலோடு சாய்ப்பவர்களைப் பழுது மேஜை பக்கமே விடாதீர்கள்.

லித்தியம் பேட்டரி வேறு கதை. உப்பியிருந்தால், பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தாலும் சரி, திரை ஓரம் பிதுங்கியிருந்தாலும் சரி, சார்ஜ் போடக்கூடாது, குத்தக்கூடாது, அமுக்கி மூடக்கூடாது. மின்கழிவு வாங்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டு மாற்று பேட்டரி தேட வேண்டியதுதான். நோக்கியா போன்ற கழற்றும் பேட்டரிகளுக்கு மாற்று எளிதாகக் கிடைக்கிறது. 1999-ன் பாம் V-ல் பேட்டரி உள்ளே, உடம்பே பசையால் ஒட்டியது, சூடு காட்டி மெதுவாகப் பிரிக்க வேண்டும். அதைப் பிரித்துப் பழகியவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

பேட்டரி மாற்றும்போது தரவு போய்விடும் ஆபத்தும் உண்டு, இன்றைய போன் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். அந்தக் காலத்துப் பாம், சையான், பாக்கெட் பிசி என்ற விண்டோஸ் கையடக்கக் கருவிகள் எல்லாம் நீங்கள் எழுதியதை மின்சாரம் இருக்கும் வரை மட்டும் நினைவில் வைத்திருக்கிற ராமில்தான் வைத்தன. 2004-ன் ட்ரியோ 650, 2005-ன் விண்டோஸ் மொபைல் 5 வந்த பிறகுதான் பேட்டரி செத்தாலும் தரவு நிற்கும் ஏற்பாடு வந்தது. ஆக, பாம் III போன்றவற்றில் பழைய செல்லைக் கழற்றி ஒரு நிமிஷத்துக்குள் புதியதைப் போட்டுவிட வேண்டும். புது செல்லைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் மூடியையே திறக்க வேண்டும். சையான் 5, எச்பி 200எல்எக்ஸ் இரண்டிலும் பென்சில் செல் போக, காவலுக்கு ஒரு பட்டன் செல்லும் உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் எல்லாம் போச்சு. ஒன்றை மாற்றி, ஆன் செய்து பார்த்து, பிறகு மற்றது.

கிளப் என்பதே ஒரு பெட்டிதான்

என்னைக் கேட்டால், கிளப்பின் உண்மையான சொத்து கேபிள் பெட்டிதான். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கனெக்டர் வைத்த காலம் அது, ஒரே நிறுவனமே மாடலுக்கு மாடல் மாற்றியது. யாரிடம் இரண்டு இருக்கிறதோ அவர் ஒன்றைப் பெட்டிக்குக் கொடுக்கட்டும். ஒவ்வொரு கேபிளிலும் எந்த மாடலுக்கு என்று ஒட்டுங்கள். அடாப்டரில் வோல்ட், ஆம்பியர், நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்ற மூன்றையும் கண்டிப்பாக எழுதுங்கள். நுழைகிறது என்பதால் பொருந்துகிறது என்று ஆகாது. குத்தி, புகை வந்த பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய லேப்டாப் இருக்கட்டும், நிஜமான சீரியல் போர்ட் உள்ளதாக, விண்டோஸ் எக்ஸ்பி ஓடுவதாக. கருவியைக் கணினியோடு இணைக்கும் மென்பொருள்களான பாம் டெஸ்க்டாப், விண்டோஸ் கருவிகளுக்கான ஆக்டிவ்சிங்க், சையானுக்கான சைவின் மூன்றையும் அதில் போட்டு வைத்தால் பெரும்பாலான கருவிகளுக்குப் போதும். அதை இணையத்தில் சேர்க்காதீர்கள். மெமரி கார்டில் இன்றைய பெரிய கார்டு வேலைக்கு ஆகாது. 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டை அந்தக் காலக் கருவிகள் பெரும்பாலும் அடையாளமே காணாது, அதனால் சின்னக் கார்டுகள் கண்ணில் பட்டால் எடுத்துப் பெட்டியில் போடுங்கள்.

வைஃபையும் இப்படித்தான். பழைய கருவிகளுக்கு இன்றைய பாதுகாப்பு முறைகள் தெரியாது, இன்றைய இணையப் பக்கங்களின் மறையாக்கமும் புரியாது. அவற்றுக்காக இடத்தின் வைஃபை பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லிக் கேட்காதீர்கள். தனியாக ஒரு சின்ன ரவுட்டர், வெளி இணைப்பே இல்லாமல், லேப்டாப்பில் ஒரு சாதாரணப் பக்கம், அதில் கோப்புகள். அது போதும், பழைய பிரவுசரில் அந்தப் பக்கம் மெதுவாக இறங்குவதைப் பார்க்கவே சிலர் வருவார்கள்.

மென்பொருள் பகிரும்போது ஒரு எச்சரிக்கை. விற்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதால் அது இலவசமாகிவிடாது. இலவச மென்பொருளைத் தாராளமாகப் பகிருங்கள், மற்றதை அவரவர் பேக்கப்பாக வைத்துக்கொள்ளட்டும். பாமில் காசு கொடுத்து வாங்கிய பல மென்பொருள்களின் பதிவு எண், ஹாட்சிங்க் பயனர் பெயரோடு (கணினியோடு இணைக்கும்போது கருவிக்குக் கொடுத்த பெயர்) கட்டப்பட்டது. கருவியைத் துடைத்து வேறு பெயர் கொடுத்தால் எண் செல்லாது. அதனால் துடைப்பதற்கு முன் அந்தப் பெயரை எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட, குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கருவியே இல்லாமல் ஆசையோடு மட்டும் வருபவர்களுக்கு கிளவுட்பைலட் என்ற எமுலேட்டர் இருக்கிறது, பிரவுசரிலேயே பழைய பாம் ஓடும். அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மூன்று மாதத்தில் ஒரு நிஜக் கருவியோடு வந்து நிற்பார்கள்.

மாதா மாதம் என்ன செய்வது

பேச்சைவிடப் பணி நல்லது. ஒரு மாதம் பேக்கப் நாள், ஒரு மாதம் பிசுபிசுப்பு நாள் (அந்தக் கால ரப்பர் பூச்சு வருஷம் போகப் போகக் கையில் ஒட்டும், ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பொறுமையும் இருந்தால் முழுசாக எடுத்துவிடலாம், ஆனால் அதோடு எழுத்தும் லோகோவும் போகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்), ஒரு மாதம் கிராஃபிட்டி, அதாவது பாம் திரையில் பேனாவால் எழுதும் முறை, அதில் போட்டி. கிராஃபிட்டியில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுத வேண்டும், ஏ என்றால் குறுக்குக்கோடு இல்லாத கூரை மாதிரி ஒரு கீறல். புதியவர்கள் அரை மணியில் பிடித்துக்கொள்வார்கள். 2003 வாக்கில் பாம் கிராஃபிட்டி 2-க்கு மாறியது, அதில் சில எழுத்துக்கு இரண்டு கீறல் வேண்டும். இரண்டையும் ஒரே போட்டியில் கலக்காதீர்கள், பழைய கை உள்ளவர்கள் கத்துவார்கள், கத்துவதில் நியாயமும் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வார விரதம். ஒரு வாரம் குறிப்பு, முகவரி, நாள்காட்டி எல்லாம் பழைய கருவியில் மட்டும், அடுத்த கூட்டத்தில் எங்கே உதவியது, எங்கே கழுத்தை அறுத்தது என்று சொல்ல வேண்டும். பைலட்டை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி வருவதற்கு முன்பே அந்த அளவில் ஒரு மரத்துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்து, அதில் எழுதுவது போல் பாவனை செய்து பார்த்தாராம். கையில் வைத்துப் பழகாமல் இந்தக் கருவிகளின் அளவும் வேகமும் ஏன் அப்படி இருந்தன என்று புரியாது.

சோதனையின்போது தேதியையும் கவனியுங்கள். நியூட்டனின் கடிகாரக் கணக்கு 2010 ஜனவரி 5-ல் நிரம்பிவிட்டது, பேட்ச் (பிழை திருத்தும் சிறு மென்பொருள்) போடாத கருவியில் தேதிகள் கோணும். பாம் ஓஎஸ்ஸின் நாள்காட்டி 2031-ல் முடிகிறது, அதற்குள் யாராவது ஒரு வழி கண்டுபிடித்துவிட்டால் நல்லது.

போன்களைப் பொறுத்தவரை, அழைப்பு போகும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். 1994-ல் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமன் அனலாக் நெட்வொர்க்குக்கானது, அது இனி எங்கும் பேசாது. 2ஜி, 3ஜி பல இடங்களில் மூடப்பட்டுவிட்டன, மூடாத இடத்தில் சிம் போட்டுப் பார்ப்பதுதான் வழி. பழைய பிளாக்பெர்ரி ஓஎஸ் போன்களுக்கான சேவையை நிறுவனமே 2022 ஜனவரி 4-ல் நிறுத்திவிட்டது. அவசரத்துக்கு நம்பி எதையும் பையில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று புதியவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மனுஷப் பிரச்சினைகள் சில. அடுத்தவர் கருவியை அவர் கண்ணெதிரே, அவர் சம்மதத்தோடு மட்டும் திறக்க வேண்டும். சையான் 5-ல் திரைக்குப் போகும் மெல்லிய ரிப்பன் கேபிள் மடக்கி மடக்கியே அறுந்துபோவது வழக்கம், திரையில் கோடு கோடாகத் தெரியும். 'நான் தொடும் முன்பே அப்படித்தான் இருந்தது' என்ற வாக்குவாதம் அதில்தான் அதிகம் வரும், அதனால் திறக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். வாங்கல் விற்றலைக் கடைசி அரை மணிக்கு மட்டும் ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் கிளப் சந்தையாகிவிடும். பெட்டியிலிருந்து யார் எதை எடுத்துப் போகிறார்கள் என்று ஒரு நோட்டு போடுங்கள், நண்பர்களுக்கும் சேர்த்துத்தான்.

பழைய கருவி வாங்கிவருபவர்கள் அதில் முந்தைய ஆளின் டைரி, மருத்துவர் சந்திப்பு, பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே இருப்பதைப் பார்ப்பார்கள். வாய்விட்டுப் படிக்க ஆசை வரும். கூடாது. முந்தைய ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தால் வேண்டுமா என்று கேட்கலாம், முடியாவிட்டால் மென்பொருள்களை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு ஹார்ட் ரீசெட்: பாமில் பவர் பட்டனைப் பிடித்துக்கொண்டே பின்னால் உள்ள ஓட்டையில் ரீசெட்டை ஒரு குச்சியால் குத்தி விட்டு, லோகோ வந்ததும் பவரை விட வேண்டும், எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்கும்போது மேல் அம்புக்குறி. உள்ளே இருக்கும் மெமரி கார்டையும் மறந்துவிடாமல் தனியாக அழியுங்கள், ரீசெட் அதைத் தொடாது.